சிடிஐ படிப்பு நம்ம ஊர் பெட் ஹெட் டிக்கட்டுக்கு உதவுமா?

கொட்டகலை நிலா · திங்கள் இரவு 9.15

வணக்கம். ஏ.எல். பயோ முடித்து மெடிக்கல் கோடிங் படித்தேன். மூன்று வருடமாக வீட்டிலிருந்தே அமெரிக்கப் பதிவேடுகளுக்குக் கோடிங் செய்கிறேன். சிபிசி என்ற கோடிங் பரீட்சை பாஸ். அனுபவம் போதாதவர்களுக்கு ஒட்டிக்கொண்டு வரும் அந்த 'ஏ' எழுத்தும் போன வருடம் நீங்கிவிட்டது. இப்போது எங்கள் டீம் லீடர் சிடிஐ பக்கம் போகச் சொல்கிறார்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டொக்டர் எழுதியதைப் பார்த்து எண் போடுவது கோடிங். டொக்டர் எழுதாமல் விட்டதை, அதாவது ரிப்போர்ட்டில் தெரிகிற, மருந்துச் சீட்டில் தெரிகிற, ஆனால் நோயின் பெயராக எங்கும் வராததை, அவரிடமே கேட்டுத் தெளிவாக எழுத வைப்பது சிடிஐ. மருத்துவ ஆவண மேம்பாடு என்று சொல்லலாம்.

எனக்கு இரண்டு கேள்வி. முதலாவது, எந்தப் பரீட்சை எடுப்பது, அதற்கு முன் என்ன படிப்பது.

இரண்டாவது கொஞ்சம் வேறு மாதிரி. அம்மா இன்னமும் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். போன மாதம் குளவி கொட்டி, பக்கத்திலுள்ள ஒரு வைத்தியசாலையில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்டில் இருப்பது இரண்டே சொல்: அலர்ஜிக் ரியாக்ஷன். குளவி இல்லை. தோட்டம் இல்லை. வேலை நேரம் இல்லை. அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குப் பேர், அதாவது நாட்சம்பளக் கணக்கு, விழவில்லை. தோட்டத்து ஒபிசில் போய்க் கேட்டால், "வேலையில நடந்ததுன்னு இதுல எங்க இருக்கு?" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் யாரோ ஒருவர் கோல்ஃப் விளையாடும்போது வழுக்கி விழுந்தால் எங்கே விழுந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று தனித்தனியாக எண் போடுகிறவள் நான். என் அம்மாவின் கார்டில் குளவி என்ற ஒரு சொல்லைக் காணோம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே சரியாக இல்லை. நான் படிக்கப்போகும் படிப்பு இங்கே, வார்டில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் பெட் ஹெட் டிக்கட்டுக்கு, எதற்காவது உதவுமா?


கண்டி ஆடிட் · திங்கள் இரவு 11.50

நிலா தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

சிடிஐக்கு இரண்டு சான்றிதழ்கள்தான் பெரிதாகப் பேசப்படுகின்றன. இரண்டும் அமெரிக்கத் தொழில் அமைப்புகள் நடத்துபவை: ஒன்று ஏசிடிஐஎஸ் நடத்தும் சிசிடிஎஸ், மற்றது அஹிமா நடத்தும் சிடிஐபி. சிசிடிஎஸ் எழுத இரண்டு வருட சிடிஐ வேலை அனுபவம் வேண்டும். ஆகவே அது வேலைக்குள் போனபின் எடுப்பது, வேலை தேடுவதற்கான கதவு இல்லை. இதைத் தெரியாமல் முதலிலேயே புத்தகம் வாங்கிப் பணத்தைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது சிபிசி. அது பெரும்பாலும் டொக்டர் சேவை, வெளிநோயாளர் பக்கம். சிடிஐயின் மையமோ வார்டில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் பதிவேடு. எனவே முதலில் இன்பேஷன்ட் கோடிங் படியுங்கள். பிரதான நோயை எப்படித் தெரிவு செய்வது, எது துணை நோய், வைத்தியசாலைக்குப் பணம் கொடுப்பதற்கான நோய்க் குழு, அதாவது எம்எஸ்-டிஆர்ஜி, எப்படி அமைகிறது என்பது கைக்கு வரவேண்டும். கூடவே ஆய்வுகூட ரிப்போர்ட் வாசிக்கப் பழகுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் நேற்று 0.9, இன்று 2.4, டொக்டர் எழுதியிருப்பது "சேலைன் கொடுக்கவும், சிறுநீர் அளவு பார்க்கவும்" என்று மட்டும். இதைப் பார்த்ததும் சிறுநீரகம் பற்றிக் கேட்க வேண்டும் என்று உங்கள் மனதில் பட வேண்டும். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்பது கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பின் வரையறை. அந்த மாதிரி வரையறைகளைச் சிறு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கொப்பி நைந்து போய் இரண்டாவது கொப்பி ஓடுகிறது.

இன்னொரு உதாரணம், "யூரோசெப்சிஸ்". டொக்டர்கள் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். அமெரிக்க விதிப்படி அந்தச் சொல்லுக்கு எண்ணே இல்லை. வெறும் சிறுநீர்த் தொற்றா, அது உடம்பு முழுவதையும் பாதிக்கும் செப்சிஸா என்று கேட்டே ஆகவேண்டும். செப்சிஸிலும் ஒரு சிக்கல். 2016இல் புது வரையறை வந்தது. வைத்தியசாலை பழையதைப் பிடித்துக்கொள்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனி புதியதை வைத்து மறுக்கிறது. நடுவில் நிற்பது நாங்கள்.

தொழிலின் கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கோடைக்காலத்தில் நியூயோர்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய காலை 9, நமக்கு மாலை 6.30. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் கணக்குக் குறையும், தரம் மட்டும் 95 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. சில ஒப்பந்தங்களில் நோயாளர் தரவு அமெரிக்காவைத் தாண்டவே கூடாது, அந்த வேலை நமக்கு வராது. ஒவ்வொரு ஒக்டோபர் முதலாம் திகதியும் எண்கள் மாறும், சில ஏப்ரலிலும் மாறும். அப்புறம் செயற்கை நுண்ணறிவு. இலகுவான பதிவேடுகளை மென்பொருளே கோடிங் செய்கிறது. நம் கைக்கு வருபவை முரண்பாடு உள்ளவை, வெட்டி ஒட்டிப் பெருத்துப்போன குறிப்புகள், மென்பொருள் தப்பாகச் சொன்னவை. அதனால்தான் சிடிஐ பக்கம் போகச் சொல்லும் உங்கள் டீம் லீடர் நல்லதைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. நம் ஊர் டிக்கட்டை நான் நோயாளியாக இருந்தபோது மட்டுமே பார்த்திருக்கிறேன்.


தோட்டத்து மகன் · செவ்வாய் காலை 6.05

நிலா, கார்டை வீசிவிட வேண்டாம். வேலையின்போது வேலை காரணமாக வந்த காயத்துக்கு நட்டஈடு என்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் இல்லாவிட்டால் பேச முடியாது. அன்று மலையில் அம்மாவோடு நின்றவர்கள் யார், கங்காணி யார், எத்தனையாம் நம்பர் மலை என்று இப்போதே எழுதி வையுங்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவில், அன்று அரைப்பேரா முழுப்பேரா என்பதையும் பாருங்கள். என் சித்தப்பா விஷயத்தில் இதெல்லாம் ஒரு வருடம் கழித்துத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.


பழைய பதிவறை · செவ்வாய் மாலை 4.30

மகள் நிலா, உன் இரண்டாவது கேள்வி என்னுடையது. பதுளைப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் வைத்தியசாலைப் பதிவறையில் இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நோயாளி வீட்டுக்குப் போனதும் பெட் ஹெட் டிக்கட் பதிவறைக்கு வரும். டொக்டர் எழுதிய பிரதான நோயைப் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10 இலிருந்து எண் போடுவோம். அவை சேர்ந்து உள்நோயாளர் நோய், மரண அறிக்கையாக, அதாவது ஐஎம்எம்ஆர் ஆக, சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகும். முன்பு காலாண்டுக்கு ஒருமுறை கடதாசியில் அனுப்பினோம், பிறகு கம்பியூட்டரில் ஏற்றும் இ-ஐஎம்எம்ஆர் வந்தது. நாட்டில் எந்த நோய் எங்கே அதிகம், எந்த மருந்து எங்கே போக வேண்டும் என்று பேசுகிறவர்கள் கையில் எடுப்பது இதைத்தான்.

இப்போது உன் அம்மாவுக்கு வருவோம். "அலர்ஜிக் ரியாக்ஷன்" என்று மட்டும் இருந்தால் பதிவறையில் இருப்பவர் போடக்கூடிய எண் டீ78.4. வகை சொல்லப்படாத அலர்ஜி. இறால் சாப்பிட்டு உடம்பு தடித்தவரும் உன் அம்மாவும் ஒரே பெட்டியில் விழுவார்கள். குளவி என்று எழுதியிருந்தால் டீ63.4, பூச்சி விஷம். அதோடு காரணத்துக்கு எக்ஸ்23: குளவி, தேனீ, கடந்தை மூன்றுக்கும் அதுவே. தோட்டம் என்று இருந்தால் நான்காம் இலக்கமாக 7, அது பண்ணை நிலத்துக்கு உரியது. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது என்று இருந்தால் அதற்குப் பின்னால் 2 சேர்க்கலாம். உன் அமெரிக்க எண்கள் மாதிரி எழுபதாயிரம் இல்லை, ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் இந்தச் சின்னப் புத்தகத்திலேயே உன் அம்மாவுக்கு இடம் இருக்கிறது. எழுதினால்தான் அந்த இடம் கிடைக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மக்கள் எல்லாவற்றையும் குளவி என்பார்கள். பாதி நேரம் அது பாறையிலும் பெரிய மரத்திலும் கூடு கட்டும் பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. டொக்டர் எது என்று தெரியாமல் தயங்கி எழுதாமல் விடுவதும் உண்டு. தயங்க வேண்டியதில்லை, எண் ஒன்றுதான்.

இன்னும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்த அறிக்கை வார்டில் தங்கியவர்களை மட்டும்தான் எண்ணும். ஓபிடியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர் இதில் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துத் திரும்பியவரும் இல்லை. ஆகவே எண்ணிக்கையில் வருவது கடுமையாகக் கொட்டு வாங்கியவர்கள் மட்டும். அவர்களிலும் பாதி "அலர்ஜி" என்று போனால், மலையில் குளவி ஒரு தொழில் ஆபத்து என்று எதைக் காட்டிச் சொல்வாய்? நான் வேலையில் இருந்த காலம் முழுக்க என்னைக் குடைந்தது இதுதான்.

மரணப் படிவமும் அப்படித்தான். "கார்டியாக் அரெஸ்ட்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். இருதயம் நிற்காமல் யாராவது இறப்பார்களா? படிவத்தில் முதல் பகுதி அதற்காகத்தான் படி படியாக இருக்கிறது. மேல் வரியில் கடைசியாக நடந்தது, அதன் கீழே அதற்குக் காரணம், அதற்கும் கீழே எல்லாவற்றையும் தொடக்கி வைத்த நோய். கீழ் வரி வெறுமையாக இருந்தால் அந்த மரணத்திலிருந்து யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நான் இளம் டொக்டர்மாரிடம் படிவத்தைத் திரும்பக் கொண்டுபோய், "சேர், இது எதனால வந்தது?" என்று கேட்பேன். நல்லவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதுவார்கள். சிலர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்கள். அப்போது எனக்கு சிடிஐ என்ற பெயர் தெரியாது. நான் செய்தது அதுதான் என்று உன் பதிவை வாசித்தபோதுதான் விளங்கியது.


ஊவா எம்ஓ · செவ்வாய் இரவு 10.10

அக்கா சொன்னதில் எனக்குப் பங்கு உண்டு, அதனால் எழுதுகிறேன். வார்டில் டொக்டராக நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அட்மிஷன் நாளில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் விரித்திருப்பார்கள். ஒரு கையில் கெனியுலா, மறு கையில் டிக்கட். டயக்னோசிஸ் கார்ட் எழுதுவது வார்டிலேயே ஆகக் கடைசி வேலை, ஆக இளையவர் தலையில் விழும் வேலை. மத்தியானம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நோயாளி வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் இன்னொரு படிவம் கொண்டுவந்து நீட்டினால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

இன்னொன்று. அமெரிக்க சிடிஐ பணத்துக்காக வந்தது. நோயைக் கடுமையாக எழுதினால் வைத்தியசாலைக்குக் கூடுதல் பணம். நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் யாருக்கும் பில் இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதாததை எழுத வைப்பது என்று தொடங்கி, இல்லாததை எழுத வைப்பதில் போய் முடியும்.


கண்டி ஆடிட் · புதன் அதிகாலை 1.25

டொக்டர், நீங்கள் சொல்வது உண்மை. 1983இல் அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகேர், நோய்க் குழுவுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்துதான் ஆவணத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்தது. நீங்கள் பயப்படுவது அங்கேயும் நடந்தது. அதனாலேயே கேள்வி கேட்பதற்குக் கடுமையான ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். டொக்டரிடம் போகும் கேள்வியில் பணம் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. பதிலை வாயில் ஊட்டக்கூடாது. பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள அறிகுறியையும் அளவையும் காட்டித்தான் கேட்க வேண்டும். தெரிவுகள் கொடுத்தால் "வேறு", "தீர்மானிக்க முடியவில்லை" இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பணத்தை எடுத்துவிட்டாலும் இந்த ஒழுங்கு நிற்கும் என்பது என் எண்ணம். நம் ஊருக்கு எடுக்க வேண்டியது அதை மட்டும்தான். டிஆர்ஜி வேண்டாம், கேட்கும் முறை வேண்டும்.


இரவுக்கடமை · புதன் காலை 8.40

நைட் முடித்து இப்போதுதான் வந்தேன். நாவலப்பிட்டி பக்கம் தாதியாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் டொக்டர் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. நோயாளி சொன்னது டொக்டருக்குப் போய்ச் சேர்ந்ததா?

தமிழ் 1987லிருந்து அரச கரும மொழி. ஆனால் வார்டில் இரவு 2 மணிக்குத் தோட்டத்திலிருந்து ஒரு ஆயா வந்தால், தமிழ் தெரிந்த யாராவது இருந்தால் அதிர்ஷ்டம். சில நேரம் துப்புரவு வேலை செய்யும் அக்காதான் மொழிபெயர்ப்பார். டிக்கட்டோ இங்கிலீஷில். தமிழில் சொன்னது சிங்களத்தில் கேட்டு இங்கிலீஷில் எழுதப்படுகிறது.

ஒன்று சொல்கிறேன், எந்த இடம் என்று கேட்காதீர்கள். ஒரு தாத்தாவைக் கொண்டுவந்தார்கள். மகள் "அப்பாவுக்கு ராத்திரி முழுக்க இழுப்பு" என்றார். நம் தோட்டத்தில் இழுப்பு என்றால் மூச்சு இழுப்பு, வீசிங். மொழிபெயர்த்தவர் கை கால் இழுக்கும் வலிப்பு என்று புரிந்துகொண்டு சொல்லிவிட்டார். டிக்கட்டின் முதல் வரி வலிப்பு என்று விழுந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்ததும் டொக்டர் கண்டுபிடித்து, நெபுலைசர் கொடுத்து, தாத்தா நன்றாகி நடந்து போனார். ஆனால் முதல் வரி யாரும் திருத்தாமல் அப்படியே கிடந்தது. அடுத்த முறை கிளினிக் போனபோது வலிப்புக்கு மருந்து குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

"மயக்கம்" இதைவிடச் சிக்கல். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். நான் எப்போதும் "விழுந்தீங்களா? விழுந்தது தெரியுமா, எழும்பினப்புறம்தான் தெரிஞ்சிச்சா?" என்று கேட்பேன். இந்த இரண்டு கேள்விக்கு நேரம் போகாது.

பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு, டிக்கட்டில் காதில் விழுந்தபடி. ஒரே அம்மாவுக்கு மூன்று டிக்கட், மூன்று பெயர். பழைய டிக்கட்டைத் தேடினால் கிடைக்காது. நான் அடையாள அட்டை இலக்கத்தை மேலே எழுதிவிடுவேன். பி.எச்.என் என்ற தனிநபர் சுகாதார இலக்கம் உள்ளவர்களுக்கு அது போதும், எங்கள் பக்கம் பலருக்கு இன்னும் இல்லை.


பழைய பதிவறை · புதன் காலை 9.20

மயக்கத்துக்கு எண்ணும் வேறு வேறு தங்கச்சி. தலைச்சுற்று ஆர்42, நினைவு தப்பியது ஆர்55. ஒரு சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்திருக்கின்றன என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.


கொட்டகலை நிலா · புதன் இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். நம் வார்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கேள்வி எழுதிப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் கார்டைப் படம் எடுத்து இங்கே போடட்டுமா? இப்படி எழுதினேன்:

"நோயாளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டியதால் அலர்ஜி ஏற்பட்டது என்று பதியலாமா? ஆம் / இல்லை."


கண்டி ஆடிட் · புதன் இரவு 8.35

படம் போட வேண்டாம் தங்கச்சி. உங்கள் அம்மாவாக இருந்தாலும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனியாகக் கவனிக்க வேண்டியதாக வைத்திருக்கிறது. அதைவிட, இங்கே வாசிப்பவர்கள் பாதிப்பேர் கொட்டகலையைச் சுற்றித்தான். பெயரை மறைத்தாலும் யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி தவறு. பதிலை நீங்களே எழுதிவிட்டு டொக்டரிடம் தலையாட்டச் சொல்கிறீர்கள். உங்களுக்கு நடந்தது தெரியும், அதனால் அப்படி வருகிறது. பதிவேட்டில் இல்லாத ஒரு நோய்க்கு ஆம்-இல்லை கேள்வி கேட்பதே கூடாது. இப்படி மாற்றிப் பாருங்கள், அளவுகள் கற்பனை:

"சேர்க்கையின்போது: முகத்திலும் கையிலும் பல தடிப்புகள், பிபி 80/50, அட்ரினலின் கொடுக்கப்பட்டது. டயக்னோசிஸ் கார்டில்: அலர்ஜிக் ரியாக்ஷன். இதற்கான காரணம் தெரிந்திருந்தால் குறிப்பிடவும்: பூச்சி கொட்டியது / உணவு / மருந்து / வேறு / தீர்மானிக்க முடியவில்லை. நடந்த இடமும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையும் தெரிந்தால் எழுதவும்."

பாருங்கள், பிபி 80/50க்கு இறங்கி, அட்ரினலின் கொடுக்கும் அளவுக்குப் போயிருந்தால் வெறும் "ரியாக்ஷன்" என்ற சொல் போதுமா என்பது இரண்டாவது கேள்வி. அதையும் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு கேள்விக்குள் இரண்டைத் திணிக்கக் கூடாது.


ஊவா எம்ஓ · புதன் இரவு 11.00

இப்படிக் கேட்டால் நான் பதில் எழுதுவேன். அரை நிமிட வேலை. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பின் கேட்காதீர்கள், எனக்கு முகம் மறந்திருக்கும். நோயாளி வார்டில் இருக்கும்போது, ரவுண்டுக்கு முன்னால் வந்தால் நல்லது. அதற்கு ஆள் வேண்டும். பெரிய வைத்தியசாலைகளில் மருத்துவப் பதிவு அலுவலர் இருக்கிறார். சின்ன வைத்தியசாலையில் அந்தப் பதவியே இல்லை, மருந்து கொடுப்பவரோ கிளார்க்கோதான் எண்ணையும் போடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நிலா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவின் டிக்கட்டில் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? கார்டும் டிக்கட்டும் ஒன்றல்ல. கிளினிக் நாளில் கார்டைக் கொண்டுபோய், டிக்கட்டைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழையதை அழித்து எழுதக் கூடாது. புதிதாக ஒரு வரி, அன்றைய திகதி, கையொப்பம். அது உங்கள் உரிமை, பயப்படாமல் கேளுங்கள்.


பதுளை கவின் · வியாழன் காலை 7.30

இடையில் ஒரு கேள்வி. ஐசிடி-11 வந்துவிட்டதே, இனி 10ஐப் படித்து என்ன பயன்?


பழைய பதிவறை · வியாழன் காலை 10.00

தம்பி, 11ஐ 2019இல் உலக சுகாதார சபை ஏற்றது, 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் 10 இல்லாமல் 11 விளங்காது. உலக சுகாதார நிறுவனத்தின் இணையத்தளத்தில் 10க்கான பயிற்சி இலவசமாக இருக்கிறது. 11இன் தேடு கருவியும் இலவசம், ஒரு நோயின் பெயரைப் போட்டுப் பார்த்துப் பழகலாம். 10இன் இரண்டாம் தொகுதியை மட்டும் விட்டுவிடாதே. எல்லோரும் எண் இருக்கிற முதல் தொகுதியையே புரட்டுவார்கள். பிரதான நோயை எப்படித் தெரிவு செய்வது, மரணக் காரணத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது எல்லாம் இரண்டாவதில்தான். நான் அதைத் தமிழில் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன், நாற்பது பக்கம் இருக்கும். கை எழுத்து. வேண்டுமானால் டைப் பண்ணித் தர யாராவது முன்வாருங்கள்.


இரவுக்கடமை · வியாழன் பகல் 1.15

அக்கா, நான் டைப் பண்ணுகிறேன். ஓஃப் நாளில் செய்வேன், பத்துப் பத்துப் பக்கமாக அனுப்புங்கள்.


கொட்டகலை நிலா · மூன்று வாரத்துக்குப் பின், சனி மாலை 5.45

நேற்று அம்மாவோடு கிளினிக் போனேன். டொக்டர் சொன்னபடி கேட்டேன். முதலில் நர்ஸ் மிஸ் இழுத்தடித்தார், பிறகு தேடி எடுத்துக் கொடுத்தார். டிக்கட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது! சேர்த்த இரவில் ஒரு டொக்டர் அழகான எழுத்தில், குளவி கொட்டியது, தேயிலைத் தோட்டம், காலை 10 மணி அளவில், வேலையில் இருந்தபோது என்று எழுதியிருக்கிறார். நான் அந்த டொக்டரை மூன்று வாரமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தவறு அங்கே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கார்ட் எழுதிய இன்னொருவர் முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. அவ்வளவுதான்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு வரி சேர்த்து, திகதி போட்டு, கையொப்பம் வைத்துக் கொடுத்தார். அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கார்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். தோட்டத்து மகன் அண்ணே, திங்கட்கிழமை ஒபிசுக்குப் போகிறோம். அன்று மலையில் நின்ற மூன்று பேரின் பெயரும் எழுதி வாங்கியிருக்கிறேன், 4ஆம் நம்பர் மலை.

இன்பேஷன்ட் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன், ஞாயிறு தொடங்குகிறது. அதற்கிடையில் இரவுக்கடமை அக்கா சொன்ன மயக்கத்துக்கு ஒரு கேள்வி எழுதினேன். ஆடிட் அண்ணே, பதுளை அக்கா, இதிலும் நான் பதிலை ஊட்டியிருக்கிறேனா பாருங்கள்:

"சேர்க்கைக் குறிப்பில்: மயக்கம் என்று சொல்கிறார், நெற்றியில் 2 செ.மீ. காயம், ஹீமோகுளோபின் 7.8. நோயாளி சொன்ன மயக்கம் எது என்று குறிப்பிடவும்: தலைச்சுற்று, நினைவு தப்பவில்லை / நினைவு தப்பி விழுந்தார் / வேறு / தீர்மானிக்க முடியவில்லை."

ஹீமோகுளோபின் குறைந்திருப்பதை இதிலேயே கேட்கலாமா, அது தனிக் கேள்வியாக வர வேண்டுமா?


கண்டி ஆடிட் · சனி இரவு 9.05

தனிக் கேள்வி.